தக்கைச் சித்தப்பாவின் ஐஸ் வண்டி

“உனக்குப் பேச வராதாமே?” என்று சித்தப்பா கேட்டார்.

“வரும்,” என்றேன்.

“அண்ணி அப்படிச் சொல்லலையே. ஒரு நாளைக்கு நாலு வார்த்தைதான்னு சொன்னாங்க.”

“ஆறு, ஏழு இருக்கும்.”

“பரவாயில்ல. எனக்கு அப்படி ஒரு ஆள்தான் வேணும்.”

“எதுக்கு சித்தப்பா?”

“பெரியவருக்கு உடம்பு சரியில்ல. சூடானா நின்னுடுறார். நின்னா திரும்பக் கிளம்ப மாட்டேங்குறார். சுத்தி நிக்கிறவங்க ஆளாளுக்கு வைத்தியம் சொல்றாங்க. அவர் என்ன சொல்றார்னு கேக்கத்தான் ஆளில்ல.”

பெரியவர் என்பது அவருடைய பழைய பெட்ரோல் லாரி. சித்தப்பாவைவிட அதற்கு மூன்று வயது அதிகம். அதனால் அதை ‘அவர்’ என்றுதான் சொல்லுவார். ஹாரன் அடிக்கும்போதுகூடக் கொஞ்சம் பணிவாகத்தான் அடிப்பார்.

“எனக்கு வண்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாதே.”

“தெரிஞ்சவங்க ஒம்பது பேர் இருக்காங்க பாப்பா. பத்தாவதா தெரியாத ஆள் ஒருத்தர் வேணும்.”

பிறகு சட்டைக்குள் கையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தார். வெளியே ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் இன்னொரு பை, அதற்குள் மெழுகுத் துணி, அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக ஐந்து ரப்பர் பேண்டு. அத்தனையையும் பிரித்து முடிப்பதற்குள் அம்மா அடுப்பில் வைத்திருந்த பால் காய்ந்து இறங்கிவிட்டது. உள்ளே இருந்தது லாரியோடு வந்த கையேடு. அது நான் படித்த இரண்டாவது மொழியில் இருந்தது.

“காத்துப் பட்டா தாள் கெட்டுடும்,” என்றார். “இதைப் படிக்க வருமா?”

“வரும்.”

“நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு ஐஸ் கம்பெனி வாசல்ல இரு. நோட்டு ஒண்ணு, பேனா ஒண்ணு, ஸ்வெட்டர் ஒண்ணு. அவர் எப்ப நின்னார், யார் என்ன பண்ணாங்க, எப்பக் கிளம்பினார், எல்லாத்தையும் எழுது. பேச்சு வேணாம்.”

தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காக வீட்டில் காத்திருந்த நாட்கள் அவை. பேச்சு வேண்டாம் என்று ஒருவர் வேலைக்குக் கூப்பிடுவது எனக்கு அதுதான் முதல் தடவை. சரி என்றேன். அன்றைய கணக்கில் அது பதிமூன்றாவது வார்த்தையோ என்னவோ.

சித்தப்பா இருபத்தைந்து வருடங்களாக ஐஸ் கட்டி ஏற்றி இறக்குகிறவர். ஐஸ் தொழிலில் ஒரே ஒரு எதிரிதான் உண்டு. அது காற்று. காற்றுப் பட்டால் சரக்கு கண்ணெதிரே கரைந்து ரோட்டில் ஓடும். மற்றவர்கள் இதை லாரி ஏறும்போது நினைத்துக்கொண்டு இறங்கும்போது மறந்துவிடுவார்கள். சித்தப்பா அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். அவர் வீட்டுக் கதவு ஜன்னல் எல்லாவற்றுக்கும் ஓரத்தில் ரப்பர் பட்டை ஒட்டியிருக்கும். வாசல் கதவைச் சாத்தினால் நமக்குக் காது அடைக்கும். சமையலறை டப்பாக்களின் மூடிகளுக்குப் பழைய சைக்கிள் ட்யூபை வட்டமாக வெட்டி உள்ளே போட்டிருப்பார். சித்தி காப்பி போட நினைத்தால் முதலில் எதிர்வீட்டுப் போலீஸ்காரர் இருக்கிறாரா என்று பார்ப்பாள். அவருக்குத்தான் சர்க்கரை டப்பாவைத் திறக்கும் அளவுக்கு மணிக்கட்டில் பலம் உண்டு.

“இந்த வீட்டுக்குத் திருடன் வந்தா பூட்டை உடைச்சிடுவான்,” என்று சித்தி சொல்லுவாள். “மிளகாய்த்தூள் டப்பாகிட்ட வந்ததும் அழுதுட்டுப் போயிடுவான்.”

சந்தையில் அவருக்குத் தக்கை என்று பேர். பாட்டில் வாயை அடைக்கிற தக்கை. ஆள் ஒல்லி, லேசு. அந்த வகையிலும் பொருத்தம்தான். “தக்கை அண்ணே” என்று கூப்பிட்டால் கோபப்பட மாட்டார். “தக்கை இல்லேன்னா பாட்டிலுக்கு என்ன மரியாதை?” என்று கேட்பார்.

அவருடைய சந்தை ஓட்டம் இதுதான். செவ்வாய், வியாழன், சனி ஆகிய மூன்று நாட்களும் காலையில் ஐஸ் கம்பெனிக்கு எதிரே உள்ள பங்கில் பெட்ரோலை டேங்கு வழிய நிரப்பிக்கொள்வார். ஐஸ் கம்பெனி ஆறரைக்குத்தான் கதவைத் திறக்கும். கடவுளே வந்து கேட்டாலும் ஆறு இருபத்தொன்பதுக்குத் திறக்காது. இருபது கட்டி ஏற்றி, மரத்தூள் தூவி, சாக்கு போட்டு மூடிக் கிளம்பும்போது ஆறே முக்கால். மீன் சந்தைக்கு ஒரு மணி நேரம். எட்டு மணிக்கு அங்கே வியாபாரம் தொடங்கிவிடும். நடுவில் நாற்பது நிமிடம் எங்கேயாவது நின்றுவிட்டால் கதை முடிந்தது.

பெரியவர் எங்கேயாவது நிற்கவில்லை. ஒரே இடத்தில்தான் நின்றார்.

முதல் செவ்வாய்க்கிழமை நான் அதை நேரில் பார்த்தேன். ஏழு இருபத்துநாலுக்கு ஒரு வளைவில் திரும்பியதும் இன்ஜின் இரண்டு முறை இருமியது. கொஞ்சம் யோசித்தது. பிறகு அமைதியாகிவிட்டது. லாரி தானாக உருண்டு ஒரு டீக்கடை வாசலில் போய் நின்றது. டீக்கடைக்காரர் ஏற்கெனவே இரண்டு ஸ்டூலைத் துடைத்துப் போட்டிருந்தார்.

“வாங்கண்ணே. இன்னைக்கு ரெண்டு நிமிஷம் லேட்,” என்றார்.

இரண்டு மாதமாக இப்படித்தான் நடக்கிறது என்று தெரிந்தது. சித்தப்பா இன்ஜின் மூடியைத் தூக்கினார். சூடு முகத்தில் அடித்தது. உடனே ரோட்டில் போனவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள், ஒரு தபால்காரர், எல்லோரும் சுற்றி நின்றார்கள். வண்டி நின்றால் நம் மக்களுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு அறிவு வருமோ.

“சூட்டுல பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைக்குது,” என்றார் தபால்காரர்.

“இல்ல, காயில். காயில் சூடானா பொறி வராது,” என்றார் பஸ்ஸுக்கு நின்றவர்.

“எதுவானாலும் ஐஸ் வைங்க,” என்றார் டீக்கடைக்காரர். “வண்டி நிறைய வச்சிருக்கீங்களே.”

அதுதான் எங்கள் தலையெழுத்து. வேறு எந்த வண்டிக்காவது இன்ஜின் சூடானால் ஆறும்வரை சும்மா உட்கார்ந்திருப்பார்கள். எங்களிடம் இருபது கட்டி ஐஸ் இருந்தது. ஒரு கட்டியை உடைத்துத் துணியில் சுற்றி, காயில்மேல் ஒரு மூட்டை, பெட்ரோல் பம்புமேல் ஒரு மூட்டை, கார்புரேட்டர்மேல் ஒரு மூட்டை என்று வைத்தோம். மிச்சத்தை டீக்கடைக்காரர் ஒரு பாத்திரத்தில் அள்ளிக்கொண்டு உள்ளே போனார். பிறகு பார்த்தால் கடை வாசலில் ஒரு பலகை தொங்கியது: ‘செவ்வாய், வியாழன், சனி: ஐஸ் போட்ட எலுமிச்சை ஜூஸ் கிடைக்கும்.’

நாற்பத்துநாலு நிமிடம் கழித்து சாவியைத் திருப்பியதும் பெரியவர் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பினார்.

நாங்கள் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது எட்டரை. வாசலில் கடிகார அக்கா நின்றிருந்தாள். சந்தையில் மீன் விற்கிற பெண்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி. இடது கையில் தோசைத் திருப்பி அகலத்துக்கு ஒரு ஆண் கடிகாரம் கட்டியிருப்பாள். யார் வந்தாலும் முதலில் அதைப் பார்ப்பாள், பிறகு ஆளைப் பார்ப்பாள். அன்று கடிகாரத்தைப் பார்த்தாள், சித்தப்பாவைப் பார்த்தாள், லாரிக்கு அடியில் சொட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள்.

“உங்களை ஐஸ்தானே கொண்டுவரச் சொன்னேன் தக்கை அண்ணே? தண்ணி எங்க குழாயிலேயே வருதே.”

“வழியில கொஞ்சம் உடம்பு சரியில்லாம போச்சு.”

“யாருக்கு?”

“அவருக்கு,” என்று லாரியைக் காட்டினார்.

“அவரை வீட்டுல படுக்க வச்சிட்டு வேற யாரையாவது கூட்டிட்டு வாங்க.”

சித்தப்பா சிரித்தார். திரும்பி வண்டியில் ஏறும்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. காரணம் எனக்குத் தெரியும். சந்தை ஓட்டம் போனால் பெரியவரை வைத்துக்கொள்வதற்கு வேறு காரணமே கிடையாது. பழைய இரும்புக் கடைக்காரர் ஏற்கெனவே இரண்டு முறை தெருவுக்கு வந்து, டயரை உதைத்துப் பார்த்து, “நல்ல கனம்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். சித்தப்பாவுக்கு ஐஸ் கம்பெனியில் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த நாற்காலியைப் பற்றிப் பேச்சு வந்தாலே அவருக்கு முதுகு வலிக்கும்.

திரும்பி வரும்போது வண்டி நிற்கவில்லை. திரும்பும்போது எப்போதுமே நின்றதில்லையாம். “பாரம் இறங்கிடுச்சில்ல, மனசு லேசாயிடும்,” என்றார். திங்கள், புதன், வெள்ளியில் ஊருக்குள் கடை கடையாக நாள் முழுக்கச் சுற்றினாலும் நிற்பதில்லை. ஏன் என்று கேட்டேன். “ஊருக்குள்ள நாலு பேர் பார்ப்பாங்க. மரியாதை முக்கியம்னு அவருக்குத் தெரியும்,” என்றார். இரண்டையும் நோட்டில் எழுதினேன். அவர் சொன்ன காரணங்களை எழுதவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கையேட்டை எடுத்து உட்கார்ந்தேன். ‘சூடான நிலையில் நின்றுபோதல்’ என்ற தலைப்பில் பதினொரு விஷயங்கள் இருந்தன. நான் தமிழில் சொல்லச் சொல்லச் சித்தப்பா கேட்டார்.

“ஒன்று. காயிலைச் சோதிக்கவும்.”

“அதான். நான் நினைச்சேன்.” எழுந்து போய்விட்டார்.

மறுநாள் இரண்டாவதைச் சொன்னேன். பெட்ரோல் பம்பு. அதற்கும் எழுந்து போய்விட்டார். இரண்டைத் தாண்டி அவரை உட்காரவைக்க முடியவில்லை. தனியாக மிச்சத்தைப் படித்தேன். ஒன்பதாவது இப்படி இருந்தது: பெட்ரோல் டேங்கு மூடியில் உள்ள காற்றுத் துளை அடைபடாமல் இருக்கிறதா என்று பார்க்கவும்.

இதை நான் மூன்று முறை படித்தேன். மூடியில் துளை. எங்கள் குடும்பத்தில் பிறந்த யாருக்கும் இது புரியாது. எங்கள் வீட்டில் சித்தப்பா செய்து கொடுத்த மூடிகள்தான். துளை இருக்கிற ஒன்றை நாங்கள் மூடி என்றே சொல்லுவதில்லை, வடிகட்டி என்போம். மூடி என்பதற்கு அந்த மொழியில் வேறு ஏதோ அர்த்தம் இருக்க வேண்டும், ஓட்டை என் மொழியறிவில்தான் என்று முடிவு செய்து பத்தாவதுக்குப் போய்விட்டேன்.

அந்த வியாழக்கிழமை எங்களோடு மெக்கானிக்கும் வந்தார். அவருக்குப் பேர் பொறுங்க. எதைக் கேட்டாலும் முதலில் “பொறுங்க” என்பார். அதனால் வந்த பேர். வண்டி சரியாக ஏழு இருபத்துநாலுக்கு வளைவில் நின்றது.

“ஐஸ் வைக்கட்டுமா?” என்றார் சித்தப்பா.

“பொறுங்க. முதல்ல பெட்ரோல் இருக்கான்னு பார்க்கணும்.”

“காலையில என் கையால வழிய வழிய ஊத்தினேன்.”

“பொறுங்க. கண்ணால பார்க்காம நான் எதையும் நம்ப மாட்டேன். என் கல்யாணத்துல ஏமாந்ததோட சரி.”

டேங்கு மூடியைத் திறக்க இரண்டு பேரும் ஒரு பெரிய ஸ்பானரோடு லாரிக்கு அந்தப் பக்கம் போனார்கள். நான் இந்தப் பக்கம் நின்று காயில்மேல் ஐஸ் மூட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். டீக்கடை ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. “முக்கி இழுங்க”, “வழுக்குது”, “பல்லு வேணாம், பல்லு வேணாம்” என்று குரல்கள் கேட்டன. ஒருவழியாகத் திறந்து, ஒரு குச்சியை விட்டுப் பார்த்து, பெட்ரோல் நிறைய இருக்கிறது என்று உறுதி செய்து, மறுபடி இறுக்கி மூடினார்கள். பொறுங்க வந்து சாவியைத் திருப்பினார். வண்டி உடனே கிளம்பியது. ஒன்பதே நிமிடம்.

எல்லோரும் என் கையில் இருந்த ஐஸ் மூட்டையைப் பார்த்தார்கள்.

“காயில்தான்,” என்றார் பொறுங்க. “அந்தப் பொண்ணு சரியான இடத்துல வச்சிருக்கு.”

அன்று எட்டுக்கு முன்னால் சந்தைக்குப் போய்விட்டோம். கடிகார அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அவளிடமிருந்து அதற்குமேல் பாராட்டு கிடையாது. அந்த ஒரு நாளின் புகழ் எங்களை அடுத்த ஒரு வாரத்துக்கு முட்டாளாக்கியது. என் நோட்டில் அந்த வாரம் இப்படி இருக்கிறது:

சனி. 7.23. ஐஸ் இரண்டு கட்டி. நான் பிடித்த அதே இடத்தில், அதே கையால். 41 நிமிடம்.

செவ்வாய். 7.24. பொறுங்க புதுக் காயில் மாட்டியிருக்கிறார். ஐஸ் மூன்று கட்டி. தபால்காரர் பம்பைச் செருப்பால் தட்டினார். 43 நிமிடம்.

வியாழன். 7.22. பம்பும் புதிது. ஐஸ் நான்கு கட்டி. சித்தப்பா பெரியவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று எல்லோரையும் தள்ளிப் போகச் சொன்னார். 42 நிமிடம்.

அந்த வியாழக்கிழமை பதினாறு கட்டியோடு எட்டரை மணிக்குப் போய் நின்றபோது கடிகார அக்கா கேலி பண்ணவில்லை. அதுதான் பயமாக இருந்தது. லாரிக்குப் பக்கத்தில் வந்து மெதுவாகப் பேசினாள்.

“அண்ணே, நீங்க நல்லவர். ஆனா மீனுக்கு அது தெரியாது. சனிக்கிழமை எட்டு மணிக்கு இருபது கட்டி இங்க இருக்கணும். இல்லேன்னா செவ்வாய்க்கிழமையிலேர்ந்து குளிர்ப்பெட்டி வச்ச புது வேன் வருது. பேசி வச்சாச்சு.”

“சரிம்மா,” என்றார் சித்தப்பா. வழி முழுக்க அவர் பேசவில்லை. அவர் பேசாமல் நான் பார்த்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

சனிக்கிழமை காலையில் பெட்ரோலை வழிய நிரப்பினார். ஒரு நொடிகூடத் தாமதம் ஆகக்கூடாது என்று கிளம்பும்போதே காயில்மேலும் பம்புமேலும் ஐஸ் கட்டிவிட்டார். முன்சீட்டில் எங்கள் இருவருக்கும் நடுவில் அவசரத்துக்கு என்று ஒரு மூட்டை. எனக்கு இடுப்பு மரத்துப்போயிருந்தது. வழியெல்லாம் “அவர் நல்லவர், அவர் புரிஞ்சுப்பார்” என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் என்றது லாரியையா கடவுளையா என்று தெரியவில்லை.

ஏழு இருபத்திரண்டு. வளைவு. இரண்டு இருமல். யோசனை. அமைதி.

டீக்கடைக்காரர் ஸ்டூலோடு வந்தார். சித்தப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்டூலைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

இன்ஜின் மூடியைத் தூக்கினோம். காயிலைத் தொட்டால் விரல் விறைத்தது. பம்புமேல் தண்ணீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது. சூடானால் நிற்கிற வண்டி, ஜில்லென்று நின்றிருந்தது.

“ஐஸை இன்னும் கொஞ்சம் எடு,” என்றார் சித்தப்பா. வேறு எதுவும் அவருக்குத் தோன்றவில்லை.

நான் நோட்டைப் புரட்டினேன். நாற்பத்துநாலு. நாற்பத்தொன்று. நாற்பத்துமூன்று. நாற்பத்திரண்டு. ஐஸ் ஒன்று வைத்தாலும் நான்கு வைத்தாலும் பெரியவர் தன் நேரத்துக்குத்தான் எழுந்திருக்கிறார். நடுவில் ஒரே ஒரு ஒன்பது.

“சித்தப்பா, அன்னைக்கு ஒம்பது நிமிஷத்துல கிளம்பிச்சே. அன்னைக்கு வேற என்ன பண்ணீங்க?”

“ஒண்ணும் பண்ணலையே. நீ ஐஸ் வச்ச.”

“நான் எல்லா நாளும் ஐஸ் வச்சேன். நீங்களும் மெக்கானிக்கும் அந்தப் பக்கம் என்ன பண்ணீங்க?”

“பெட்ரோல் இருக்கான்னு பார்த்தோம். இருந்தது. மூடிட்டோம்.”

“திறந்தீங்க.”

“திறக்காம எப்படிப் பார்க்கிறது?”

“மத்த நாள்ல இங்க நின்னப்ப திறந்தீங்களா?”

“எதுக்கு? காலையில பங்குல ஒருதரம் திறக்கிறதுக்கே தோள்பட்டை நாள் முழுக்க வலிக்குது.”

அப்போதுதான் எனக்கு ஒன்பதாவது விஷயம் ஞாபகம் வந்தது. கேட்கக் கூச்சமாக இருந்தது. நல்ல குடும்பத்தில் கேட்கிற கேள்வியா அது.

“சித்தப்பா, அந்த மூடியில ஓட்டை இருக்கா?”

அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது.

“ஓட்டையா? என்ன பேச்சு இது? பழைய மூடியை ரெண்டு மாசம் முன்னாடி பங்குல மறந்து வச்சிட்டு வந்துட்டேன், திரும்பப் போய்ப் பார்த்தா காணோம். இது நானே செஞ்சது. ஐஸ் டிரம்மு மூடி, உள்ள ரெண்டு ரப்பர் வளையம், மேல இரும்புப் பட்டை. தலைகீழாக் கவுத்தாலும் ஒரு சொட்டு வெளிய வராது. காத்துகூடப் போகாது.”

அவர் சொல்லி முடித்ததும் நான் பையிலிருந்து கையேட்டை எடுத்தேன்.

“ரெண்டு மாசமா?” என்றேன்.

“ரெண்டு மாசம்,” என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

கையேட்டை விரித்து ஒன்பதாவதைப் படித்துக் காட்டினேன். டேங்கிலிருந்து பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும், போகாவிட்டால் பம்பு எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் வராது என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது. டேங்கு நிறைந்திருந்தால் உள்ளே காற்று கொஞ்சம்தான் இருக்கும், சீக்கிரம் நின்றுவிடும். அரை டேங்கோடு ஊருக்குள் சுற்றும்போதும் சந்தையிலிருந்து திரும்பும்போதும் நிற்காததற்கு மரியாதையும் காரணமில்லை, மனசும் காரணமில்லை. நின்றபிறகு நாற்பது நிமிடத்தில் காற்று எங்கேயாவது சந்துபொந்து கண்டுபிடித்து உள்ளே போயிருக்கிறது. சித்தப்பா செய்த மூடி என்பதால் அதற்கு அவ்வளவு நேரம் எடுத்திருக்கிறது.

“திற,” என்றார் சித்தப்பா, தனக்குத்தானே.

கையெல்லாம் ஐஸ் தண்ணீர். ஸ்பானர் வழுக்கியது. டீக்கடைக்காரர் ஓடிவந்து சித்தப்பாவின் இடுப்பைப் பிடித்து இழுத்தார். தபால்காரர் டீக்கடைக்காரரின் இடுப்பைப் பிடித்தார். நான் ரேடியோவை நிறுத்திவிட்டு வந்தேன். ஏழு முப்பத்துநாலுக்கு மூடி கால் சுற்று நகர்ந்தது.

உஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். நீளமான சத்தம். டேங்கு காற்றை உள்ளே இழுத்துக்கொண்டே இருந்தது. கடைக்கு அடியில் படுத்திருந்த நாய் எழுந்து உட்கார்ந்து கேட்டது. ரொம்ப நேரம் தண்ணீருக்குள் இருந்துவிட்டுத் தலையை வெளியே நீட்டுகிறவர் விடுகிற மூச்சு மாதிரி இருந்தது.

சித்தப்பா ஏறிச் சாவியைத் திருப்பினார். பெரியவர் ஒரே திருப்பில் கிளம்பினார்.

யாரும் கைதட்டவில்லை. சித்தப்பா கையில் இருந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூச்சு முட்டித் தவிச்சிருக்கார்,” என்றார். “நான் வாயைப் பொத்திக்கிட்டு, தலைக்கு ஐஸ் வச்சிட்டு இருந்திருக்கேன்.”

மூடியை லேசாக ஒரு சுற்று மட்டும் சுற்றி வைத்துவிட்டுக் கிளம்பினோம். மிச்ச வழி முழுக்க அவர் ஜன்னல் வழியாகப் பின்னால் பார்த்து, “மெதுவா மூச்சு விடுங்க, மெதுவா,” என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார். வளைவுகளில் பெட்ரோல் கொஞ்சம் தெளித்தது. ரோட்டைப் பார்த்து ஓட்டச் சொல்லி நான் கேட்டுக்கொண்டேன். அந்த ஒரு காலையில் நான் ஒரு மாதத்துப் பேச்சைப் பேசியிருந்தேன்.

ஏழு ஐம்பத்தாறுக்குச் சந்தை வாசலில் நின்றோம். கடிகார அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். கையை உதறினாள். கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டாள்.

“நிக்கல, ஓடுது,” என்றார் சித்தப்பா. “எங்களுதும் ஓடுது.”

அவள் சாக்கைத் தூக்கிக் கட்டிகளை எண்ணினாள். பத்தொன்பது இருந்தன. மீதி ஒரு கட்டி வண்டிக்குள் இன்ஜின்மேலும் எங்கள் சீட்டிலுமாக இருந்தது. சித்தப்பா அதையும் அவிழ்த்துக் கொண்டுவந்து, மூட்டை மூட்டையாகத் தரையில் வைத்தார்.

“இருபது,” என்றார்.

“இதுல கிரீஸ் இருக்கு.”

“அது கழுவினா போயிடும்.”

அக்கா கொஞ்ச நேரம் அந்தக் கறுப்பு மூட்டைகளைப் பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். தோள் மட்டும் ஆடியது. “செவ்வாய்க்கிழமையும் இதே நேரத்துக்கு வாங்க. வேன்காரனுக்கு நான் சொல்லிக்கிறேன்,” என்றாள். போகிற போக்கில், “அப்படி என்னதான் கோளாறு?” என்று கேட்டாள்.

“மூச்சுத் திணறல்.”

“வண்டிக்கா?”

“வயசாயிடுச்சில்ல,” என்றார். பொய் இல்லை. யாரால் என்று மட்டும் சொல்லவில்லை.

டீக்கடைக்காரருக்குத்தான் வருத்தம். செவ்வாய்க்கிழமை நாங்கள் நிற்காமல் போனபோது பலகையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். சித்தப்பா பணிவாக ஒரு ஹாரன் அடித்தார். பொறுங்க கேள்விப்பட்டு வந்து, “நான்தானே அன்னைக்குத் திறக்கச் சொன்னேன்? பொறுங்கன்னு சொன்னா யார் கேக்குறீங்க?” என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். சித்தி கேட்டதும் கரண்டியோடு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். பிறகு எழுந்து, சர்க்கரை டப்பாவை எடுத்து அவர் முன்னால் வைத்து, “இதுக்கும் மூச்சு முட்டுது, என்னன்னு பாருங்க,” என்றாள்.

ஆனால் மூடியை ஒரு சுற்றிலேயே எத்தனை நாள் விடுவது? கடையில் அந்த வண்டிக்கு மூடி கிடைக்கவில்லை. அதனால் அந்தச் சனிக்கிழமை மத்தியானமே சித்தப்பா மூடியைக் கழற்றிக் கழுவி வீட்டுக்குக் கொண்டுவந்தார். வாசற்படியில் உட்கார்ந்து, ஒரு கட்டைமேல் மூடியை வைத்து, நடுவில் ஒரு சின்ன ஆணியை நிறுத்தி, சுத்தியலை ஓங்கினார். இறக்கினார். ஆணியைக் கொஞ்சம் நகர்த்தினார். மறுபடி ஓங்கினார். மறுபடி இறக்கினார். உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். மூடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். எங்கேயும் ஒரு ஊசி வெளிச்சம் தெரியவில்லை. அவ்வளவு நல்ல மூடி.

மூன்றாவது தடவை ஓங்கி இறக்கியபிறகு சுத்தியலை என் பக்கம் நீட்டினார்.

“பாப்பா, நீ போடு. இருபத்தஞ்சு வருஷமா அடைச்சே பழகின கை, என்னால முடியல. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். ஒரே அடியா அடி. ரொம்பப் பெரிசா வேணாம், அவருக்கு மூச்சுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு போதும்.”